கடைசி வரி என்று நான் நம்பியது

நாங்கள் செய்த, ஆளில்லாமல் தானாக ஓடும் வண்டி பாதியில் நின்றுபோகிற இடம் எங்களுக்கு மனப்பாடம். ஏழாவது ரிங் ஃப்ரேமுக்கும் (நூல் நூற்கிற மெஷின்) எட்டாவதுக்கும் நடுவில் இருக்கிற சந்தில், ஆபீஸ் பக்கமிருந்து போனால் முக்கால் தூரம் தாண்டியதும், கேபிள் ட்ரெஞ்சை மூடியிருக்கும் இரும்புத் தகட்டை ஒட்டி. தினமும் நிற்காது. ஒரு ஷிஃப்டில் முப்பது நடை போனால் இரண்டு நடையில் நிற்கும், சில நாள் ஒருமுறைகூட நிற்காது. நின்றால் இரண்டு மூன்று வினாடி விளக்கெல்லாம் அணைந்து கிடக்கும், அப்புறம் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும், கட்டளைக்காகக் காத்திருக்கும். கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த வண்டி அது. சிம்ப்ளக்ஸ் மெஷினிலிருந்து, பஞ்சுத் திரி சுற்றிய ரோவிங் பாபின்களை ஏற்றிக்கொண்டு, தரையில் ஒட்டிய காந்த டேப்பைப் பிடித்துக்கொண்டே ரிங் ஃப்ரேமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சந்தில் அது ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது, அதில் மூன்று வாரம் முழுக்க முழுக்கத் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வண்டிக்குள் இருப்பது ஈஎஸ்பி32 என்ற, வைஃபையும் சேர்ந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சிப். அது, பிழை தேட உதவும் டீபக் செய்தியை வினாடிக்கு இருபது வரி அனுப்பும்: இடது சக்கர வேகம், வலது சக்கர வேகம், காந்த சென்சார் என்ன சொல்கிறது, பேட்டரி வோல்டேஜ், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. எல்லாம் வைஃபை வழியாக, யூடிபியில் (போய்ச்சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பிவிடும் முறை), பிராட்காஸ்டாக, அதாவது எல்லாருக்கும் பொதுவாக. பிராட்காஸ்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மில்லுக்குப் போகும்போது லேப்டாப்பின் ஐபி முகவரி மாறும், சில நாள் இரண்டு பேர் இரண்டு லேப்டாப்பில் பார்ப்போம், அதனால் யார் எங்கே உட்கார்ந்து கேட்டாலும் கேட்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் பட்டறையில் மேசைமேல் ரவுட்டர், பக்கத்தில் லேப்டாப், நாலடியில் வண்டி. ஒரு வரி தவறாமல் மழை மாதிரி கொட்டியது. அதைப் பார்த்தபிறகு அந்த ஏற்பாட்டைப் பற்றி நான் மறுபடி யோசிக்கவே இல்லை.

மில்லில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும், லேப்டாப்பில் சேர்ந்த பதிவின் (லாக்) கடைசி வரி ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. சென்சார் டேப்பைப் படித்திருக்கும், டேப் கொஞ்சம் இடதுபக்கம் விலகியிருப்பதாகச் சொல்லியிருக்கும். அதற்கு அடுத்த வரி, வைஃபையில் இணைந்துவிட்டேன் என்று புதிதாக பூட் ஆன வண்டி சொல்வது. நடுவில் ஒன்றும் இல்லை. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சென்சாரைப் படித்தது, அப்புறம் செத்தது. இதைப் படிக்கிற எந்த புரோகிராமரும் என்ன முடிவுக்கு வருவாரோ அதே முடிவுக்குத்தான் நானும் வந்தேன். சென்சாரைப் படிக்கிற கோடு (புரோகிராம்) எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, புரோகிராம் மாட்டிக்கொண்டால் கவனிக்கிற காவல்காரனான வாட்ச்டாக் பொறுத்துப் பார்த்துவிட்டு சிப்பை ரீசெட் செய்கிறது.

அந்தக் கதை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பதைச் சொல்லியாகவேண்டும். கடைசி வரி வந்த நேரத்தையும் வண்டியின் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வரி எழுதப்பட்டபோது வண்டி அது நிற்கிற இடத்துக்குச் சுமார் இரண்டு மீட்டர் முன்னால் இருந்திருக்கவேண்டும். ஏன் இரண்டு மீட்டர்? எங்கள் டாஸ்க் வாட்ச்டாக்கின் கெடு ஐந்து வினாடி. வண்டியின் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். ஐந்தையும் 0.4-ஐயும் பெருக்கினால் இரண்டு. கோடு மாட்டிக்கொண்டாலும் மோட்டார் டிரைவர் கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் (இது தனியாக ஒரு தவறு, பம்பரில் இருக்கிற சுவிட்ச் நேராக மின்சாரத்தைத் துண்டிக்கும் என்பதால் ஆபத்தில்லை, ஆனாலும் தவறுதான், பிறகு சரிசெய்தோம்). ஐந்து வினாடி கழித்து ரீசெட், அதற்குள் இரண்டு மீட்டர். கணக்கு இப்படி ஒட்டிவந்தபிறகு எனக்கு வேறு சந்தேகமே எழவில்லை. சென்சாரை மாற்றினேன். அதன் ஒயரை மாற்றி, ஷீல்டு போட்ட ஒயர் போட்டேன். அந்த இரண்டு மீட்டர் முன்னால் இருக்கிற இடத்தில் டேப்பை உரித்து, தரையைத் துடைத்து, புது டேப் ஒட்டினோம், அதுவும் மூன்றாவது ஷிஃப்டில், மெஷின் ஓடும்போதே, பஞ்சுத் தூசிக்கு நடுவில். சென்சார் படிக்கிற கோடை மூன்று முறை திருத்தி எழுதினேன். வண்டி அதே இடத்தில் நின்றது.

இன்னொன்றும் நடந்தது. லேப்டாப்பை வண்டிமேலேயே வைத்து, யூஎஸ்பி கேபிளில் நேராக செருகி, சீரியல் வழியாகப் பார்க்கலாம் என்று முயன்றோம். அரை நாள் முழுக்க ஓட்டினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கினோம், ஒரு மணி நேரத்தில் நின்றது. இதையும் நான் என் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டேன். சீரியலில் வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் வரிகளை அச்சிடும்போது கோடின் ஓட்டம் லேசாகத் தாமதப்படும், அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொள்கிற தருணம் தப்பிவிடுகிறது என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிழைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அந்தக் கேபிள் செய்திகளை மட்டும் சுமக்கவில்லை, சிப்புக்கு 5 வோல்ட்டும் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கு ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை.

ஃபிட்டர் அண்ணன் சொன்னது

அந்த ஷிஃப்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாக ரிங் ஃப்ரேமோடு வாழ்கிறவர், ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். நாங்கள் இரவில் அங்கே கிடப்பதைப் பார்த்து அவரும் டீ வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்வார். சந்தின் வாயில் ஒரு காலி கேன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வண்டியையும் பார்ப்பார், திரையையும் பார்ப்பார். ஒருநாள் சொன்னார்:

"தம்பி, வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே உங்க பொட்டியில எழுத்து ஓடறது நின்னு போயிருதுங்க. அப்புறமும் வண்டி நல்லாத்தான் போகுது."

"ஆமாங்கண்ணா, உள்ள புரோகிராம் நின்னுடுது, சக்கரம் மட்டும் ஓடுது" என்றேன்.

"இல்லீங்க தம்பி. எழுத்து நின்னதுக்கு அப்புறமும் அந்தத் தகட்டுக்கு முன்னாடி வண்டி வேகத்தைக் குறைக்குது. புரோகிராம் நின்னுட்டா அது எப்படிங்க குறைக்கும்?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுத்த நடையில் வண்டியோடு கூடவே நடந்தேன். தகட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் தரையில் ஒரு குறுக்கு டேப் இருக்கிறது, அதைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பது எங்கள் கோடு. வண்டி குறைத்தது. அதாவது சென்சார் படிக்கப்பட்டது, முடிவு எடுக்கப்பட்டது, மோட்டாருக்கு உத்தரவு போனது. திரும்பி வந்து லேப்டாப்பைப் பார்த்தால், அந்த நடையின் லாகில் குறுக்கு டேப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வண்டி அந்த முறை நிற்கவும் இல்லை. பத்து வினாடி கழித்து, சந்தைத் தாண்டியதும், வரிகள் மறுபடி ஒழுங்காக வர ஆரம்பித்தன. நிற்காத நடைகளில்கூட அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. மூன்று வாரமாக இருந்திருக்கிறது. நின்ற நடைகளின் லாகை மட்டுமே நான் திறந்து பார்த்தேன், நிற்காத நடையின் லாகைத் திறக்கத் தோன்றவே இல்லை.

டீ ஆறிப்போனது. நான் அவ்வளவு நாளும் கடைசி வரி என்று நம்பியது, வந்துசேர்ந்தவற்றில் கடைசி. எழுதப்பட்டவற்றில் கடைசி எது என்று எனக்குத் தெரிய வழியே இல்லாமல் இருந்தது.

ஒரு எண்

அன்றிரவே செய்தது மிகச் சின்ன மாற்றம். ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு வரிசை எண், கூடவே வண்டியின் சொந்தக் கடிகாரத்தில் மில்லிசெகண்ட். அதுவரை நேரத்தைப் போட்டது லேப்டாப், அதுவும் வரி வந்துசேர்ந்த நேரத்தை. லேப்டாப் பக்கத்தில், எண் ஒன்றைவிட்டுத் தாவினால் சிவப்பில் 'இத்தனை வரி இல்லை' என்று எழுதச் சொன்னேன். ஓட்டிப் பார்த்ததும் திரை முழுக்கச் சிவப்பு. அந்தச் சந்தில் மட்டும் இல்லை, எங்கும். நூறு வரிக்கு ஏழெட்டு வரி சாதாரணமாகவே காணாமல் போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் மழை மாதிரி கொட்டியது என்றேனே, அதைக்கூட இப்போது எண்ணிப் பார்த்தேன், அங்கேயும் அவ்வப்போது ஒன்றிரண்டு இல்லை.

இதில் பாதிக்குமேல் பிராட்காஸ்டால் வந்த வினை. வைஃபையில் ஒரு குறிப்பிட்ட கருவிக்கு அனுப்புகிற செய்திப் பொட்டலத்துக்கு, கிடைத்தது என்று எதிர்முனை பதில் தரவேண்டும். பதில் வராவிட்டால் ரேடியோவே திரும்பத் திரும்ப அனுப்பும், மேலே உள்ள புரோகிராமுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பழைய ரெஜிஸ்டர் தபாலில் கையெழுத்து வாங்கிய அட்டை திரும்பி வருமே, அந்த மாதிரி. பிராட்காஸ்டுக்கு அது கிடையாது. எல்லாருக்கும் பொதுவாகப் போவதால் யாரும் பதில் சொல்வதில்லை, அதனால் மறுபடி அனுப்புவதும் இல்லை, மோதிப்போனால் போனதுதான். வண்டியிலிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (மில்லின் வைஃபை பெட்டி) போகிற முதல் பாதியில் பதில் உண்டு, ஏனென்றால் அது ஆக்சஸ் பாயின்ட்டின் பெயருக்கே போகிறது. அங்கிருந்து லேப்டாப்புக்கு வருகிற இரண்டாவது பாதியில்தான் அநாதையாகிறது. அதோடு அந்த நெட்வொர்க்கில் இருக்கிற ஏதாவது ஒரு செல்போன் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருந்தால் போதும், ஆக்சஸ் பாயின்ட் எல்லா பிராட்காஸ்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, விட்டு விட்டு அது அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பில் அடுத்த குறிப்பிட்ட ஒன்று வரும்போது மொத்தமாகக் கொட்டும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. ஷிஃப்டில் இருக்கிற அத்தனை பேரின் சட்டைப் பையிலும் செல்போன். லேப்டாப் போட்ட நேரங்கள் ஏன் கொத்துக் கொத்தாக இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. லேப்டாப்புக்கு நிலையான ஐபி கொடுத்து, நேராக அதற்கே அனுப்பச் சொன்னதும் வழக்கமான இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

சந்தில் இருந்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. ஆக்சஸ் பாயின்ட் ஆபீஸ் சுவரில் இருக்கிறது, சந்தின் இரண்டு பக்கமும் ஆயிரத்துக்குமேல் ஸ்பிண்டில் உள்ள இரும்பு மெஷின்கள், சிக்னல் உள்ளே போவதே கஷ்டம். ரேடியோ முயன்று முயன்று, அனுப்பக் காத்திருக்கும் வரிகள் சிப்பின் நினைவகத்தில் குவிந்து, இடமில்லாமல் போகும்போது, அனுப்பச் சொன்ன ஃபங்ஷன் 'முடியாது, நினைவகம் போதாது' என்று பிழை எண் 12-ஐத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. யூடிபிதானே, போனால் போகட்டும் என்று திரும்பி வருகிற மதிப்பைப் பார்க்காமல் விட்டிருந்தேன். யூடிபியை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 768, ஜான் போஸ்டல் 1980 ஆகஸ்டில் எழுதியது, மொத்தமே மூன்று பக்கம்தான். போய்ச்சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அதிலேயே இருக்கிறது. காற்றில் தொலைவதற்கு அதைக் காரணம் சொல்லலாம். வாசலைத் தாண்டும் முன்பே, என் சிப்புக்குள்ளேயே விழுந்த வரிகளுக்கு நான்தான் பொறுப்பு.

கிடைத்ததா என்று உறுதிசெய்துகொண்டே அனுப்பும் டிசிபிக்கு மாறியிருக்கலாமே என்று எங்கள் குழுவிலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் டிசிபியும் காத்திருக்கத்தான் செய்யும். இந்த சிப்பில் அதன் அனுப்பும் பஃபர் (வரிகள் காத்திருக்கும் இடம்) ஐந்து கிலோபைட் சொச்சம், அது நிறைந்ததும் லாக் எழுதுகிற இடத்தில் கோடு நின்றுவிடும். வண்டியை ஓட்டுகிற கோடு ஒரு டீபக் வரிக்காகக் காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. அதைவிடப் பெரிய விஷயம், மின்சாரம் போனால் பஃபரில் இருப்பதும் சேர்ந்துதான் போகும்.

ஆறு வரும் என்று இருந்தேன்

வரிகள் வண்டியிலேயே தங்கவேண்டும் என்று முடிவானது. சிப்பின் நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் எழுதலாம், ஆனால் அதை 4 கிலோபைட் செக்டராக அழித்துத்தான் மறுபடி எழுத முடியும், ஒரு செக்டர் லட்சம் முறை அழித்தால் தேய்ந்துவிடும், வினாடிக்கு இருபது வரி அதற்குத் தாங்காது. அதனால் எஃப்ராம் என்ற வேறு வகை நினைவகச் சிப் ஒன்றை, 32 கிலோபைட், இணைத்தோம். மின்சாரம் போனாலும் மறக்காது, எழுதி எழுதித் தேயும் என்ற பயமும் நடைமுறையில் இல்லை. வரிக்கு 64 பைட், ஆக 512 வரி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி எழுதும். எந்தக் கணத்தில் செத்தாலும் அதற்கு முந்தைய இருபத்தைந்து வினாடி உள்ளே இருக்கும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கம்ப்யூட்டர் அடிக்கடி ரீசெட் ஆனபோது, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் அதன் நகலைச் சோதனைக்கூடத்தில் ஓட்டி, உள்ளே நடக்கிற ஒவ்வொன்றையும் பதிவு செய்துகொண்டே, அதே ரீசெட் அங்கேயும் வரும்வரை காத்திருந்துதான் காரணத்தைப் பிடித்தார்கள். கல்லூரியில் அதை டாஸ்க் முன்னுரிமைகள் சிக்கிக்கொள்வதற்கு உதாரணமாகப் படித்தேன். இப்போது அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பதிவு ரேடியோவை நம்பி இல்லை என்பதுதான்.

கூடவே இன்னொன்றைச் செய்தேன். வண்டி பூட் ஆனதும், போன முறை ஏன் ரீசெட் ஆனேன் என்று சிப் ஒரு எண் தரும். அதை அச்சிடுகிற வரி முதல் நாளிலிருந்தே என் கோடில் இருந்தது. ஆனால் பூட் ஆன உடனே, வைஃபை இணைவதற்கு இரண்டு வினாடி முன்னால் அது அச்சானது. நெட்வொர்க்கே இல்லாத நேரத்தில் நெட்வொர்க்குக்கு எழுதப்பட்ட வரி. எங்களுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு வரி, ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுதப்பட்டு, ஒவ்வொரு முறையும் தவறாமல் தொலைந்தது. அதைப் பிடித்து வைத்து, இணைப்பு வந்தபிறகு அனுப்பச் சொன்னேன்.

மூன்றாவது நாள் வண்டி நின்றது. டாஸ்க் வாட்ச்டாக் என்றால் எண் 6. ஆறு வரும் என்று இருந்தேன், உண்மையைச் சொன்னால் ஃபிட்டர் அண்ணன் சொன்னதற்குப் பிறகும் மனதில் ஒரு மூலையில் அதே கதைதான். திரையில் வந்தது 9. ப்ரவுன்அவுட். வோல்டேஜ் விழுந்திருக்கிறது. 3.3 வோல்ட்டில் ஓடவேண்டிய சிப்பில் அது 2.43 வோல்ட் அளவுக்கு இறங்கினால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்.

எஃப்ராமில் கடைசி வரியின் எண் 18,432. லேப்டாப்புக்குக் கடைசியாக வந்தது 18,337. நடுவில் 95 வரி, ஐந்து வினாடிக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் வாட்ச்டாக் கணக்கில் பொருத்திவைத்திருந்த அதே இரண்டு மீட்டர், சிக்னல் இறந்த இடத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். தற்செயல்தான். அந்த 95 வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். குறுக்கு டேப் இருந்தது, வேகம் குறைந்தது இருந்தது, முன்சக்கரம் தகட்டின் விளிம்பில் ஏறும்போது இரண்டு மோட்டாரும் சேர்ந்து கரண்ட் இழுத்தது இருந்தது, கடைசி மூன்று வரியில் 24 வோல்ட் லைன் படிப்படியாகச் சரிந்தது இருந்தது. தகட்டின் விளிம்பு தரையைவிட ஆறேழு மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. சரக்கு முழுசாக ஏற்றி, பேட்டரியும் இறங்கிய நேரத்தில் மட்டும் நின்றதற்குக் காரணம் அதுதான். அதே நேரத்தில் ரேடியோவும் சிக்னல் கிடைக்காமல் முழு பலத்தில் கத்திக்கொண்டிருந்தது, கத்தும் ஒவ்வொரு முறையும் சிப் 200 மில்லிஆம்பியருக்குமேல் இழுக்கும். யூஎஸ்பி கேபிள் செருகியபோது ஏன் நிற்கவில்லை என்பதற்கு இனிமேல் விளக்கம் தேவையில்லை.

சரிசெய்வதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சிப்புக்குத் தனி கன்வெர்ட்டர், அதன் முன்னால் ஒரு டயோடும் பெரிய கெப்பாசிட்டரும். தகட்டை ஃபிட்டர் அண்ணனே கிரைண்டரில் விளிம்பைச் சாய்த்து, போல்ட் போட்டு இறக்கிவிட்டார்.

இதை யோசிக்கும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை. தொலைந்த வரிகள் எங்கேயோ ஒன்று, எப்போதோ ஒன்று என்று சமமாகத் தொலைந்திருந்தால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை, நூற்றுக்கு எட்டு போனாலும் மிச்சத்தை வைத்துக் கதையைப் புரிந்துகொண்டிருப்பேன். ஆனால் அவை அப்படித் தொலைவதில்லை. லாக் எழுதுகிறதும் வண்டியை ஓட்டுகிறதும் ஒரே சிப், ஒரே பேட்டரி, ஒரே ஆன்டெனா. மயக்கம் போட்டு விழுகிறவர்தான் தான் விழுந்த கதையையும் சொல்லவேண்டும். எந்த நேரத்தில் வண்டி திணறுகிறதோ அந்த நேரத்தில்தான் அதற்குப் பேசவும் முடியவில்லை. மீதி நேரமெல்லாம் 'எல்லாம் சரி, எல்லாம் சரி' என்று தவறாமல் வந்துசேர்ந்த ஆயிரக்கணக்கான வரிகள் எனக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தன, அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி அந்த ஐந்து வினாடிமேலும் வைத்துவிட்டேன். வராத வரியை, நடக்காத விஷயம் என்று படித்தேன்.

இப்போதும் சந்தில் ஓட்டை இருக்கிறது. இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் போட மில்லில் கேட்டிருக்கிறோம், வரும்போது வரட்டும். போன வாரம் வேறொரு வேலையாகப் போயிருந்தபோது ஃபிட்டர் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். திரையில் சிவப்பில் '88 வரி இல்லை' என்று வந்தது. வண்டி சந்துக்குள் இருந்தது, இங்கிருந்து தெரியவில்லை.

"இந்த எம்பத்தெட்டுல என்ன நடந்துச்சுங்க தம்பி?"

"தெரியலைங்கண்ணா. வண்டிக்குள்ள இருக்கும். வந்ததும் படிச்சுப் பாக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு, வண்டி வரவேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் லேப்டாப்பை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன்.